சம்சுன்னிசாவின் கண்ணாடி மாடி

என் உம்மா சம்சுன்னிசா தன் வாழ்நாளில் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு பொருள்தான். நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. ஒரு ஜன்னல் கேட்டார். அதை அவருக்குக் கொடுத்தவர் என் வாப்பா சாகுல் ஹமீது. பிடுங்கியவரும் அவர்தான். இடையில் நடந்ததைப் பாதி உம்மா சொன்னார், மீதியை எங்கள் வீட்டோடு இருந்து சமைத்த ஆமினா பீவி சொன்னார். வாப்பாவிடம் கேட்டால் மட்டும், அதெல்லாம் பழைய கதை என்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார். இது நடந்தபோது நான் உம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஆகவே இதில் பேச எனக்கும் பாத்தியதை உண்டு.

அப்போது அவர்கள் கடல் தாண்டி வந்து, மலாய் பேசும் ஊரில் ஜாலான் புசார் தெருவில் இருந்தார்கள். கீழே கடை, மேலே குடித்தனம். வாப்பா விளக்குச் சிம்னியும், முகம் பார்க்கும் கண்ணாடியும், ஜன்னலுக்குப் பதிக்கும் கண்ணாடித் தகடும் விற்றார். உம்மா நாகூர்ப் பெண். கோஷா. அந்நிய ஆணின் கண்ணில் படக்கூடாது என்றே வளர்க்கப்பட்டவர். எதிர்மாடி முழுக்க ஒண்டியாகக் கப்பலேறி வந்த ஆண்கள் தங்கியிருந்ததால், எங்கள் மாடி ஜன்னல்களுக்குக் கோணிப் படுதா அடித்தாயிற்று. கண்ணாடி வியாபாரியின் மனைவி பட்டப்பகலில் விளக்கேற்றி வைத்துச் சோறு வடித்தார். அந்த இருட்டிலேயே இரண்டு கரு தங்காமல் போயின.

இரண்டாவதும் போன பிறகு உம்மா அழவில்லையாம். எழுந்து உட்கார்ந்ததும் வாப்பாவைக் கூப்பிட்டார். வாப்பா அவருக்கு மாமி மகன், அதனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

"எனக்கு வெளிச்சம் வேணும் மச்சான். ஜன்னல் தொறந்து வைக்கற மாதிரி ஒரு வீடு பாருங்க. இல்லாட்டி அடுத்த கப்பல்ல என்னை ஊருக்கு அனுப்பிடுங்க."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழோ எட்டோ. பட்டணத்தில் காசு பார்த்தவர்களெல்லாம் மேடு தேடிப் போய் வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். துரைமார் கட்டினார்கள், சீன முதலாளிமார் கட்டினார்கள், வாப்பாவும் கட்டினார். தோ பாயோ சதுப்புக்கு மேலே ஒரு மேட்டில் காட்டைப் பாதி வெட்டி மனை போட்டிருந்தார்கள். அதில் ஒரு மனையையும், அதற்குப் பின்னால் வெட்டாமல் நின்ற காட்டுத் துண்டையும் சேர்த்தே வாங்கினார். தூண்கள் மேல் பலகை வீடு. மாடியில் காட்டைப் பார்த்த பக்கம் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, திறந்து மூட அதிலேயே ஒரு கண்ணாடிக் கதவு.

கோஷாப் பெண்ணைக் கண்ணாடிக் கூண்டில் வைப்பதா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். காட்டுக்குள்ளே யார் இருக்கிறான், குரங்கும் குருவியும்தானே பார்க்கப் போகிறது என்று வாப்பா சிரித்தார். சொன்னது சரிதான். ஆனால் அவர் கணக்கில் இன்னொன்றும் இருந்தது. மேட்டில் வீடு கட்ட வருகிற ஒவ்வொருவனும் இந்தக் கண்ணாடியைப் பார்ப்பான், பார்த்தால் ஜாலான் புசார் கடைக்கு வருவான். பாதி பெண்டாட்டிக்காக, பாதி கடைக்காகக் கட்டின வீடு அது. அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் யாருக்குத்தான் கசக்கும்?

அங்கே போன முதல் வாரம் உம்மா சமையலறைப் பக்கமே இறங்கவில்லை என்று ஆமினா பீவி பிற்காலத்திலும் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பாயைக் கண்ணாடியோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வெயில் இலைகள் வழியாக இறங்குவதைப் பார்த்தார். பழுத்திருந்த ஆலமரத்தில் பச்சைப் புறாக்கள் கூட்டமாக வந்து இறங்கி, இறங்கியதும் இலையோடு இலையாகக் காணாமல் போவதைப் பார்த்தார். தலை சிவந்த மரங்கொத்தி, வால் நீண்ட கறுப்புப் பாட்டுக்காரன், அடிமரத்தடியில் தத்தித் தத்திச் சருகு கிளறுகிற, பச்சையும் நீலமும் சிவப்புமான ஒரு குட்டைவால். எதற்கும் அவருக்குப் பெயர் தெரியாது. ஆமினா பீவி மலாயில் சொன்ன பெயர்கள் வாயில் நுழையவில்லை. அவராகவே நாகூர்ச் சொந்தக்காரர்களின் பெயரை வைத்துக்கொண்டார். மரங்கொத்திக்கு அவருடைய சின்ன மாமனாரின் பெயர். அந்த வாரம் அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரம். இதை உம்மா என்னிடம் வெட்கப்படாமல் சொன்னார், என் நிக்காஹ் நாளுக்கு முந்தைய நாள்.

பிறகு ஒரு காலையில் கண்ணாடியில் 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

கீழே மரகதப் புறா ஒன்று மல்லாந்து கிடந்தது. சிறகு துடித்துக்கொண்டிருந்தது. ஆமினா பீவி அரிவாள்மணையை விட்டு எழுந்து, கத்தியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். செத்தது எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுத்தால்தான் ஹலால். அந்த வயதிலும் அவர் ஓடின ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார்களாம். மத்தியானம் புறாக் கறி ஆணம். அல்லா வீட்டு வாசலுக்கே அனுப்பி வைத்த ரிஸ்கு, அவன் அளந்த படி என்று ஆமினா பீவி சொன்னார். வாப்பா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாளும் விழுந்தது, அதற்கு மறுநாளும். ஆமினா பீவி கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு முக்காலி போட்டு, மடியில் கத்தியோடு உட்கார ஆரம்பித்தார். வாப்பா கடையில் பெருமை பேசினார். ஊரான் வீட்டில் காசு கொடுத்துக் கோழி வாங்குகிறான், என் வீட்டில் புறா தானாக வந்து விழுகிறது என்றார். அதைக் கேட்டு அவருடைய சிநேகிதர் நெய்னா முகம்மது வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்து மாட்டுவண்டி பிடித்துக் கறி தின்ன வந்தார். விழுகிற பறவையைப் பரக்கத்து என்று எடுத்துக்கொண்ட வீடு இந்த ஊரிலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும். ஏன் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் வந்து விழும்போது யார் கேட்பார்கள்?

உம்மா மட்டும் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை. அப்போதுதான் நான் தங்கியிருந்தேன். மசக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

பக்கத்து மனைகளில் காடு வெட்டத் தொடங்கினார்கள். கோடாரிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. மரம் சாயும்போது தரை அதிர்ந்து எங்கள் வீட்டுக் கண்ணாடி கிணுகிணுக்கும். வெட்டிய இடத்தில் இருந்தவையெல்லாம் எங்கள் பின்னாலிருந்த துண்டுக் காட்டுக்குள் வந்து அடைந்தன. இருக்க இடம் போதாமல் பறவைகள் விடியற்காலையிலேயே அங்குமிங்கும் அலைந்தன. கண்ணாடியில் மோதுவதும் கூடியது. இப்போது விழுந்தவை கறிக்கு ஆகிற புறாக்கள் இல்லை. உள்ளங்கை அளவு மீன்கொத்திகள், தேன்குடிக்கிற பொடிக் குருவிகள், அந்தப் பச்சை நீலம் சிவப்புக் குட்டைவால்கள். கழுத்து ஒடிந்து கிடக்கும். ஆமினா பீவி போவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். அவர் முக்காலியை உள்ளே எடுத்துவைத்துவிட்டு, மண்வெட்டியோடு போய்ப் புதைத்துவிட்டு வர ஆரம்பித்தார்.

உம்மாவுக்கு அந்தச் சத்தம் வயிற்றிலேயே விழுந்தது. ஒவ்வொரு முறை 'தொப்' என்று கேட்கும்போதும் கை தானாக வயிற்றுக்குப் போகும். அடுத்தது எப்போது என்று காத்திருந்தே காலைப்பொழுது கழியும். சத்தம் கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம். இரண்டு போயிற்று, இதுவும் போய்விடுமோ என்ற எண்ணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயந்தார்.

நெய்னா முகம்மதுவின் பேச்சும் மாறிவிட்டது. பறவை தானாக வந்து சாகுமா, இது பலா முஸீபத்து, வந்து சேர்ந்த கேடு, ஜின்கள் குடியிருந்த மேட்டைக் கலைத்து வீடு கட்டியாயிற்று, அதுதான் என்று டன்லப் தெருப் பள்ளிவாசல் வாசலிலேயே நின்று சொன்னாராம். வாரா வாரம் வந்து எலும்பைக் கூட மிச்சம் வைக்காமல் தின்ற வாய்தான் இதைச் சொன்னது. பேச்சு பரவியது. பறவை செத்து விழுகிற வீடு என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்தது. மாசமாக இருக்கிற பெண்ணைப் பார்க்க வர வேண்டிய உறவுக்காரப் பெண்கள் வரவில்லை. வாப்பா ஒரு லெப்பையை அழைத்து வந்து ஓதவைத்து, கண்ணாடிச் சட்டத்தில் தாயத்துக் கட்டினார். மறுநாள் காலை தாயத்துக்கு நேர் கீழேயே ஒரு மரங்கொத்தி கிடந்தது. தலை சிவந்த மரங்கொத்தி. உம்மா அன்று சாப்பிடவில்லை.

அதற்கும் மேலாக ஒன்று நடந்தது. ஒரு சாயங்காலம் உம்மா அசர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பெரிய அலகுடைய இருவாச்சி ஒன்று நேராக வந்து மோதியது. கண்ணாடித் தகடு ஒன்று உடைந்து பாயெல்லாம் சிதறியது. உம்மாவின் புறங்கையில் கீறல்தான். ஆனால் பயத்தில் கால் தடுக்கி உட்கார்ந்துவிட்டார், அன்று மாலையே இரத்தம் பட்டது. மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பிள்ளை இருக்கிறது, ஆனால் இனி படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்.

வாப்பா ஆடிப்போய்விட்டார். அவருடைய பயம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயந்த மனுஷனுக்குத் தோன்றுகிற யோசனை இருக்கிறதே! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற யோசனைதான் அவருக்கும் தோன்றியது. காடு இருந்தால்தானே பறவை வரும். பின்னால் இருக்கிற துண்டையும் வெட்டிவிட்டால் தொல்லை விட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் ஆட்கள் வருவார்கள் என்று சொல்லிவிட்டு, உடைந்த இடத்தில் புதுத் தகட்டைப் பதிக்க ஆள் அனுப்பினார்.

உம்மா படுத்தபடியே யோசித்தார். இந்த மேட்டில் காடு வெட்டிய இடத்தில் என்ன வருகிறது என்பதை அவர் மாடியிலிருந்தே பார்த்திருந்தார். முதலில் செம்மண். பிறகு வீடு. வீடு வந்தால் மனுஷர்கள் வருவார்கள். மனுஷர்கள் வந்தால் படுதா வரும். காடு போனால் தன் ஜன்னலும் போய்விடும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வாப்பாவுக்கு அது தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை காலை வாப்பா கடைக்குப் போனதும், உம்மா எழுந்து வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு படியிறங்கினார். ஆமினா பீவி குறுக்கே வந்து நின்றார்.

"எழுந்திருக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்லா. ஏதாச்சும் சூசா ஆச்சுன்னா உம்ம மாப்பிள்ளை என்னையத்தான் தொரத்துவாரு."

உம்மா அவரை விலக்கி, பின்கதவைத் திறந்து வெளியே போனார். வந்து இத்தனை மாதமாகியும் அந்த மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. அடிவயிறு இழுத்தது. ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். பறவைகள் விழுகிற இடத்துக்கு வந்ததும் காட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி மேலே பார்த்தார்.

அங்கே வீடே இல்லை. மாடி இருக்க வேண்டிய இடத்தில் காடு நின்றது. ஆலமரம் இருந்தது, அதன் பழம் இருந்தது, அதற்கு மேலே வானமும் இருந்தது. உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவருக்குக் கண்ணாடியே தெரியாது. வெளியே நிற்பவருக்கு வீடே தெரியாது. உம்மா வாய்பிளந்து நின்றபோதே தலைக்கு மேலே விர்ரென்று ஒரு சத்தம். மரகதப் புறா ஒன்று தாழப் பறந்து அந்த இல்லாத காட்டை நோக்கிப் போனது. உம்மா கையைத் தட்டினார், "சூ" என்று கத்தினார். அது கேட்கவில்லை. அவர் காலடியிலேயே வந்து விழுந்தது.

ஜின்னும் இல்லை, முஸீபத்தும் இல்லை, ரிஸ்கும் இல்லை என்று அவருக்கு அப்போது புரிந்தது. இருக்கிற கொஞ்சக் காட்டையும் விட்டு, இன்னும் காடு இருக்கிறது என்று நம்பிப் பறவை பறந்து வந்து சாகிறது. தான் பார்ப்பதற்காகப் பதித்த கண்ணாடிதான் இத்தனையையும் கொன்றிருக்கிறது.

அங்கேயே துப்பட்டியைக் கழற்றினார். திறந்த வெளியில் தலைத்துணி இல்லாமல் நின்ற உம்மாவைப் பார்த்து ஆமினா பீவி தவ்பா தவ்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தத் துப்பட்டியைக் கூரை விளிம்பிலிருந்து கண்ணாடிக்கு வெளிப்பக்கமாகத் தொங்கவிடச் சொன்னார் உம்மா. அது கண்ணாடியில் பாதியை மறைத்தது. அன்று முழுக்க இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைக்காத பாதியில் மோதின. துணி தொங்கிய பாதியின் பக்கம் ஒன்றுகூட வரவில்லை.

சாயங்காலம் வாப்பா வந்ததும் உம்மா இதையெல்லாம் சொன்னார். அவர் வெளியே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். பார்த்ததை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியை மூடிவிட்டால் பிறகு இந்த வீடு எதற்கு, வெட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே என்றார்.

"காட்டை விட்டுடுங்க மச்சான். நான் கண்ணாடியை மூடிக்கறேன்," என்றார் உம்மா. "நடுப்பகல்ல அதுங்க அடங்கிக் கெடக்கற நேரம், ஒரு ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் பார்த்துக்கறேன். எனக்கு அது போதும்."

கேட்டு வாங்கிய ஒரே பொருளை அவரே பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்தார். வாப்பா சரி என்றார். மறுநாள் பள்ளிவாசலுக்குப் போகும் வழியிலேயே ஆட்களை நிறுத்திவிடுவதாகச் சொன்னார்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஆட்கள் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். சீனரும் ஜாவாக்காரருமாக ஒரு கூட்டம், தோளில் கோடாரி. அவர்கள் வேறு பாதையில் வந்ததால் வாப்பா அவர்களைச் சந்திக்கவில்லை. ஆமினா பீவி பின்கட்டில் நின்று, முதலாளி வரட்டும் என்று மலாயில் கெஞ்சினார். வயதான பெண்பிள்ளை பேச்சை யார் கேட்டார்கள்? அவர்கள் நேரே ஆலமரத்துக்குப் போனார்கள். முதல் வெட்டு விழுந்த சத்தம் மாடியில் கேட்டது. பறவைகள் மொத்தமாகக் கிளம்பி அலறின. இரண்டாவது வெட்டு விழுந்தது.

எங்கள் பெண்களுக்கு முகம் மட்டும் கோஷா இல்லை, குரலும் கோஷாதான். வாசலில் அந்நிய ஆண் வந்து நின்றால் வளையலைக் குலுக்கிக் காட்டுவார்களே தவிர வாய் திறக்க மாட்டார்கள். உம்மா படுக்கையை விட்டு எழுந்து, துணி தொங்கிய கண்ணாடிக் கதவைத் திறந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"ஜாங்ஙான் போத்தோங்!"

வெட்டாதே என்று அர்த்தம். ஆமினா பீவியிடமிருந்து ஒட்டிக்கொண்ட நாலைந்து மலாய் வார்த்தைகளில் இரண்டு. ஆள் தெரியாமல் வெள்ளைத் துணிக்குப் பின்னாலிருந்து வந்த பெண் குரலைக் கேட்டு அவர்கள் கோடாரியை இறக்கிவிட்டார்கள். பறவை செத்து விழுகிற வீடு என்று அவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். நெய்னா முகம்மதுவின் வாயால் எங்களுக்கு விளைந்த ஒரே நன்மை அது. வாப்பா வந்து சேர்ந்தபோது அவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா அவர்களை அனுப்பிவிட்டார். பெண்டாட்டி குரல் வெளியே கேட்டதற்காக இரண்டு நாள் உம்மாவோடு பேசவில்லை. ஆனால் அன்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அதையும் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு சில மாதங்கள் நிம்மதியாகப் போயின. கூரையிலிருந்து தரை வரை வெள்ளைப் படுதா. மோதும் சத்தம் நின்றது. உம்மா காலையில் படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்துச் சத்தங்களைக் கேட்பார். நடுப்பகலில் ஓரத்தைத் தூக்கி, இலைக்குள் ஒதுங்கிக் கிடப்பவற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடுவார். ஆலமரத்தில் இரண்டு வெட்டுக்காயங்கள் பால் வடிந்து காய்ந்திருந்தன. மாதம் நிறைந்து நான் பிறந்தேன். உம்மு சல்மா என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. உம்மா கீழே உள்ள அறையில் இருந்தார். கதவு ஜன்னல் சாத்தி, சாம்பிராணிப் புகையும் மருந்துப் பத்தியமுமாக. அந்த நாட்களில்தான் மறுபடியும் கோடாரிச் சத்தம் கேட்டது. உம்மா ஆமினா பீவியைக் கேட்டார். சதுப்புக்கு அந்தப் பக்கம் வெட்டுகிறார்கள் என்று ஆமினா பீவி சொன்னார். கிட்டத்தில் கேட்கிறதே என்றார் உம்மா. காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது, பச்சை உடம்பு, பேசாமல் படுங்கள் என்றார் ஆமினா பீவி. பொய் சொல்லச் சொன்னது வாப்பா. பச்சை உடம்புக்காரிக்குத் தெரிந்தால் பால் வற்றிவிடும் என்று சொல்லியிருந்தார். நான் அந்தப் பாலைக் குடித்தேன்.

நடந்தது இதுதான். மேட்டில் வீடுகளைக் கட்டுகிற குத்தகைக்காரன் ஒருவன் கடைக்கு வந்தான். பின்னாலிருக்கிற துண்டைக் கொடுத்தால், கட்டப்போகிற எல்லா வீட்டு ஜன்னலுக்கும் உங்கள் கடைக் கண்ணாடியையே எடுக்கிறேன் என்றான். வாப்பாவின் ஆயுசுக்கும் அப்படி ஒரு வியாபாரம் அமைந்ததில்லை. பெண்ணாக ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, அவளுக்குச் சேர்க்க வேண்டாமா என்று மனசைத் தேற்றிக்கொண்டார். உம்மாவின் கண்ணாடியையும் இனி மூட வேண்டாமே என்றும் நினைத்திருக்கிறார். அதை அவர் நிஜமாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

அந்தக் காட்டில் இருந்தவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. நான் வளர்ந்த வீட்டில் ஓட்டிடுக்கில் சிட்டுக்குருவி கூடு கட்டும், வேலியில் கொண்டைக்குருவி உட்காரும். பறவை என்றால் அவ்வளவுதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான். உம்மா பெயர் வைத்த ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நாற்பதாவது நாள் தலைக்கு ஊற்றி, புதுப்புடவை கட்டி, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு உம்மா மாடியேறினார். நடுப்பகல். பிள்ளைக்குக் காட்டைக் காட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே ஏறினாராம். ஆமினா பீவி படிக்கட்டின் கீழேயே நின்றுவிட்டார். வாப்பா பின்னாலேயே போனார்.

உம்மா கண்ணாடிக் கதவைத் திறந்து படுதாவின் ஓரத்தைத் தூக்கினார்.

செம்மண். அடிமரக் கட்டைகள். ஆலமரம் நின்ற இடத்தில் இரண்டு மாடிப் பலகை வீடு ஒன்று பாதி எழும்பி நின்றது. எங்கள் மாடிக்கு நேரே, சாரத்தின் மேல் ஒருவன் உட்கார்ந்து ஜன்னல் சட்டத்தில் கண்ணாடித் தகடு ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தான். படுதா அசைந்ததைக் கண்டு நிமிர்ந்தான். நேருக்கு நேர் உம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

உம்மா படுதாவைக் கீழே விட்டார். வாப்பாவுக்கு அவன் பார்த்தது தெரியவில்லை. அவர் சந்தோஷமாகவே இருந்தார்.

"இனிமே ஒண்ணும் வந்து மோதாது சம்சு. துணியை எடுத்துடலாம்."

உம்மா திரும்பி அவரைப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம், கத்தத் தெரிந்தவர்தான்.

"எடுக்க முடியாது மச்சான்," என்றார். "இப்ப அந்தப் பக்கம் ஆம்பளை இருக்கான்."

வாப்பா படுதாவை விலக்கி வெளியே பார்த்தார். சாரத்தின் மேல் இருந்தவன் தெரிந்த முதலாளி என்று மரியாதையாகக் கை உயர்த்தினான். வாப்பா கீழே போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, காற்றில் கூட விலகாதபடி படுதாவின் கீழ் ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்து அடித்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது உம்மா.